நாலு மணி நேரம் கொடுக்க நாலு பேர் இல்லையா?

சென்னையில் கல்லூரிக்குப் பஞ்சம் இல்லை. மாணவர்களுக்கும் பஞ்சம் இல்லை. தொண்டு செய்ய முன்வரும் மாணவர்களும் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் பரீட்சை மாதம் வந்தால் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் பெரிய பஞ்சம் வந்துவிடுகிறது.

பார்வையற்ற மாணவருக்குப் பரீட்சை எழுதிக் கொடுக்கிற ஆள்!

காலையில் சேப்பாக்கம் ரெயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள் பார்த்திருப்பார்கள். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, மாநிலக் கல்லூரி பக்கம் போகும் மாணவ, மாணவிகள். பூந்தமல்லி அரசுப் பள்ளி போன்ற இடங்களில் புள்ளி எழுத்தில் படித்து, பிளஸ்-2 தாண்டி வந்தவர்கள் இவர்களில் உண்டு. கல்லூரிப் பாடத்தைக் காதால் கேட்டே படிக்கிறார்கள். பதில் முழுவதும் தலைக்குள் இருக்கிறது. அதை விடைத்தாளில் இறக்கி வைக்க ஒரு கை வேண்டும்.

அந்தக் கைக்கு உரியவரை அரசாங்கக் காகிதத்தில் "சொல்வதை எழுதுபவர்" என்கிறார்கள். மாணவர்கள் வாயில் "ஸ்கிரைப்".

சட்டம் இருக்கிறது

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், எழுத ஆளும் கூடுதல் நேரமும் கொடுக்கச் சொல்கிறது. ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் என்பது மத்திய அரசின் நெறிமுறை. ஆக, 3 மணி நேரப் பரீட்சை என்றால் 4 மணி நேரம்.

பத்தாம் வகுப்பு, பிளஸ்-2 அரசுத் தேர்வில் ஆசிரியரையே எழுதப் போடுகிறார்கள். பையனுக்குக் கவலை இல்லை. கல்லூரிக்கு வந்தபிறகுதான் பல இடங்களில் கதை மாறுகிறது. "ஆளை நீயே பார்த்துக் கூட்டிக்கிட்டு வாப்பா" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அவன் எங்கே போவான்? போனை எடுத்து வரிசையாக அடிக்க வேண்டியதுதான்.

"தம்பி, புதன்கிழமை காலையில வர முடியுமா?"

"அன்னைக்கு எனக்கே பரீட்சை இருக்குண்ணே!"

இப்படிப் பத்துப் பேர். பதினோராவது ஆள் "வந்துடுறேன்" என்பான். காலை 9 மணிக்கு அவன் போன் சுவிட்ச் ஆப்! ஆறு மாதம் படித்த பாடம் தலைக்குள்ளேயே நிற்க, மார்க் பட்டியலில் "வரவில்லை" என்று விழும். படிக்காமல் அரியர் வைத்தவனுக்கும் இவனுக்கும் அந்தக் காகிதத்தில் வித்தியாசம் தெரியாது. வேலைக்கு எடுப்பவரும் கேட்கப் போவதில்லை.

கை மட்டும் போதாது

"சொல்றதை எழுதணும், அவ்வளவுதானே?" என்று நினைப்பவர்கள் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

வினாத்தாளை முழுதாக ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். எந்தக் கேள்விக்கு எத்தனை மார்க் என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அவர் தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுத வேண்டும். அங்கே "உச்" கொட்டினால்கூட தப்பு. அது விடையைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது எழுத்துப் பிழை. தமிழ் இலக்கியத் தாளில் ல, ள, ழ குழம்பினால், ர, ற மாறினால், போவது எழுதியவன் மார்க் அல்ல. சொன்னவன் மார்க். ஆங்கில வழியில் படித்துவிட்டுத் தமிழ்த் தாள் எழுத வரும் பிள்ளைகள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தயவுதாட்சண்யத்துக்கு இடமில்லாத விஷயம் இது.

நேரத்தையும் அவ்வப்போது சொல்ல வேண்டும். பார்வை உள்ளவன் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துக்கொள்வான். இவர் யாரைக் கேட்பார்? முதல் கேள்விக்கே முக்கால் மணி போய்விட்டது என்பது பக்கத்தில் இருப்பவன் சொன்னால்தான் தெரியும்.

இவ்வளவுக்கும் நடுவே, "இவன் விடை சொல்லிக் கொடுக்கிறானோ?" என்று கண்காணிப்பாளர் முறைத்துக்கொண்டே நிற்பார். சந்தேகம் இருக்கட்டும், தப்பில்லை. உதவிக்கு வந்த பிள்ளையைத் திருடனைப் போல நடத்தினால் அடுத்த தடவை அவன் வருவானா?

240 மணி நேரம் எங்கே போகிறது?

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24-ந் தேதி தொடங்கியது. அன்று 37 பல்கலைக்கழகங்கள், சுமார் 40 ஆயிரம் மாணவர்கள். இன்று அது இல்லாத கல்லூரியைத் தேட வேண்டும். சேருகிற மாணவர் 2 ஆண்டில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். 7 நாள் முகாம் தனி. சான்றிதழும் உண்டு. "நான் அல்ல, நீங்கள்" என்பது அதன் முழக்கம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் சோற்றுப் பொட்டலம் தூக்கியதை யாரும் மறக்கவில்லை. மனசு இருக்கிறது.

ஆனால் சாதாரண வருஷத்தில்? பேரணி, பதாகை, மரக்கன்று. ஒரு கன்றைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு படம். அந்தக் கன்றுக்கு மறுநாள் தண்ணி ஊற்றியது யார் என்று படம் சொல்லாது. பரீட்சை அறையில் படம் எடுக்க முடியாது. அதனாலேயே இந்தத் தொண்டு பலர் கண்ணில் படாமல் போகிறதோ என்னவோ!

120 மணி நேரம் ஒரு வருஷக் கணக்கு. அதில் இரண்டு பரீட்சைக்கு 8 மணி நேரத்தை ஒதுக்கச் சொன்னால் எந்தக் கல்லூரி குடிமுழுகிப் போகும்?

யார் எழுதலாம்?

எழுதுகிறவர் படிப்பு, தேர்வு எழுதுபவரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி. 2018-ல் மத்திய அரசு கொடுத்த நெறிமுறையிலும், சொந்தமாக அழைத்து வரும் ஆள் ஒரு படி கீழே படித்தவராக இருக்க வேண்டும் என்று இருந்தது. அதனால் எம்.ஏ. படித்த பக்கத்து வீட்டு சார் ஆசைப்பட்டாலும் பல தேர்வுகளில் உட்கார முடியாது. பி.ஏ. மூன்றாம் ஆண்டு மாணவருக்கு எழுத ஏற்ற ஆள் யார்? முதலாம் ஆண்டுப் பையனும் பெண்ணும்தான். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பதும் பெரும்பாலும் முதல், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள். பிறகென்ன? ஆள் கையிலேயே இருக்கிறது!

சிக்கல் தேதியில்தான். இவனுக்குப் பரீட்சை நடக்கும் வாரத்திலேயே அவனுக்கும் நடக்கிறது. ஒரே கல்லூரிக்குள் தேடினால் கிடைக்காது. பக்கத்துக் கல்லூரியைக் கேட்க வேண்டும். அங்கே அட்டவணை வேறாக இருக்கும். இங்கே காலை என்றால் அங்கே மதியம் இருக்கும். இரண்டு கல்லூரித் திட்ட அலுவலர்கள் அட்டவணை வந்த அன்றே போனில் பேசி, பெயர்களை மாற்றிக்கொண்டால் பாதித் தலைவலி தீரும். ஒரு பரீட்சைக்கு ஒரு ஆள் போதாது. கூடுதலாக இன்னொருவர் பெயரும் இருக்க வேண்டும். காய்ச்சல் யாருக்கும் சொல்லிவிட்டு வருவதில்லை.

வீட்டாரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். மதியம் 2 மணிக்குத் தொடங்கும் தேர்வு, கூடுதல் நேரத்தோடு 6 மணிக்கு முடியும். "பொம்பளப் பிள்ளை இருட்டுல எதுக்கு?" என்று அம்மா கேட்பது நியாயம். அந்த நேரத்தில் ரெயில் நிலையம்வரை கொண்டுபோய் விட ஒரு ஏற்பாட்டைக் கல்லூரி செய்துவிட்டால் அந்தக் கேள்விக்கும் இடமில்லை.

வேலைக்குப் போகிறவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. இன்று போன் பேசுகிறது, கம்ப்யூட்டர் புத்தகத்தைப் படித்துக் காட்டுகிறது. ஆனாலும் வாத்தியார் கையால் எழுதிய குறிப்பும், மங்கிப்போன ஜெராக்சும் அதற்குப் பிடிபடுவதில்லை. தினமும் அரை மணி நேரம் ஒரு பாடத்தை வாசித்து, போனில் பதிவுசெய்து அனுப்ப எந்தக் குமாஸ்தாவாலும் முடியும். இதற்குப் படிப்பு விதி எதுவும் கிடையாது.

கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை, டீக்கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. "வீடு வாடகைக்கு" என்று அட்டை தொங்கும் இடத்தில் இன்னொரு அட்டைக்கு ஆணி அடித்துக் கொடுக்கலாம்: "பரீட்சை எழுத ஆள் தேவை. தேதி, நேரம், பாடம் கீழே. விவரம் கடையில்."