வைக்கோல் விற்கும் முன் ஒரு கணக்கு

அறுவடை இயந்திரம் வயலை விட்டு ஏறியதும் வைக்கோல் கட்டும் இயந்திரம் வந்து நிற்பது டெல்டாவில் வழக்கமாகிவிட்டது. இதுவரை அந்தக் கட்டுகள் பெரும்பாலும் மாட்டுத் தீவனத்துக்கே போயின. இனி எரிவாயு ஆலைகளும் கேட்டு வரும். நகரங்களில் வாகனங்களுக்கும் வீடுகளுக்கும் எரிவாயு விற்கும் நிறுவனங்கள், கழிவிலிருந்து எடுத்த வாயுவை 2025-26இல் 1 சதவீதம் கலக்க வேண்டும் என்றும், 2028-29இல் அதை 5 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்றும் மத்திய அரசு விதித்துள்ளது. அந்த வாயுவுக்கு வைக்கோலும் ஒரு மூலப்பொருள்.

விற்பதில் தவறில்லை. ஆனால் எதை விற்கிறீர்கள் என்று தெரிந்து விற்க வேண்டும்.

காய்ந்த வைக்கோல் ஒரு டன்னில் ஏறத்தாழ 18 முதல் 24 கிலோ சாம்பல் சத்து இருக்கிறது. நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி நெல்மணிக்குப் போவதில்லை, வைக்கோலில்தான் தங்குகிறது. ஏக்கருக்கு ஒன்றரை டன் கட்டி ஏற்றினால் 27 முதல் 36 கிலோ வெளியேறுகிறது. குறுவைக்கு நாம் பரிந்துரைப்பதே ஏக்கருக்கு 20 கிலோதான்! பொட்டாஷ் உரமாகக் கணக்கிட்டால் வண்டியோடு ஏறத்தாழ ஒரு மூட்டை போகிறது. அந்த உரம் முழுவதும் வெளிநாட்டிலிருந்து வருவது. கட்டுக்குக் கிடைக்கும் பணத்தில் இந்த மூட்டை விலையைக் கழித்துப் பாருங்கள்.

எரிவாயு ஆலையில் ஒரு நல்ல விஷயம் உண்டு. வாயுவாகப் போவது கரிமம் மட்டுமே. தழை, மணி, சாம்பல் சத்துகள் கழிவில் தங்கிவிடும். அந்தக் கழிவு உங்கள் வயலுக்குத் திரும்பினால்தான் அதற்குச் சுழற்சிப் பொருளாதாரம் என்று பெயர். வைக்கோலை எரிகட்டியாக அழுத்தி அனல் மின் நிலையத்துக்கு அனுப்பினால், சாம்பல் சத்து நிலக்கரிச் சாம்பலோடு கலந்து போய்விடும். திரும்பி வராது.

2018இல் 5,000 ஆலைகள் என்ற இலக்குடன் தொடங்கிய மத்தியத் திட்டம் அந்த இலக்கின் அருகில்கூட வரவில்லை. மூலப்பொருள் சீராகக் கிடைக்காதது ஒரு காரணம். எருவை வாங்க ஆளில்லாதது மற்றொன்று. இந்த இரண்டாவதைக் கவனியுங்கள். ஆலைக்குச் சுமையாகக் கிடக்கும் எருதான் உங்களுக்குத் தேவை. அதை விற்க ஆலைகளுக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவியையும் 2023இல் மத்திய அரசு அறிவித்தது. ஆகவே தனியாளாகப் பேசாமல் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகப் பேசுங்கள். இத்தனை டன் வைக்கோலுக்கு இத்தனை டன் எரு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.

எரு கெட்டியாகவும் வரும், நீராகவும் வரும். சாம்பல் சத்தில் அதிகம் நீரில்தான் இருக்கும். ஆலை பக்கத்தில் இருந்தால் நீரையும் கேளுங்கள். தூரம் என்றால் டேங்கர் வாடகை கட்டாது. நகரக் குப்பையும் சேர்த்து நடத்தும் ஆலை என்றால், கன உலோகப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் வயலில் இறக்காதீர்கள்.

மாடு வைத்திருப்பவர்கள் முதலில் தங்கள் தேவைக்கு வைக்கோலை ஒதுக்கிவிடுங்கள். கோடையில் விற்ற விலைக்கு வாங்க முடியாது. நாலைந்து மாடுகளின் சாணம் தினம் 50 கிலோ கிடைத்தால், வீட்டிலேயே 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் ஓடும். அதன் கழிவு நேராக உங்கள் வயலுக்கே.

எரு எதுவும் கிடைக்காமல் வைக்கோலை விற்றுவிட்டவர்கள், அடுத்த நடவுக்கு முன் மண் பரிசோதனை செய்து பொட்டாஷ் அளவை முடிவு செய்யுங்கள். அதை மொத்தமாகப் போடாமல் அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம் எனப் பிரித்து இடுங்கள்.