படிப்பு இரத்தத்தில் இல்லையா?



அண்மையில் ஜாசின் வட்டாரத்துத் தந்தை ஒருவர் தம் மகனின் மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு, "படிப்பு எங்க ரத்தத்துலயே இல்ல சார்" என்றார். அவர் சொன்னதைவிட, அருகிலிருந்த ஆசிரியர் ஒருவர் அதற்குத் தலையாட்டியதே என்னைச் சுட்டது.

அறிவுத்திறனில் மரபுக்குப் பங்கே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. பங்கு உண்டு என்றே இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால், அது ஒரு கூட்டத்தாரிடையே காணும் வேறுபாட்டில் மரபின் அளவு; தனியொரு பிள்ளையின் தலையெழுத்து அன்று. 'படிப்பு மரபணு' என ஒன்றும் இல்லை. எண்ணற்ற மரபணுக்கள் ஒவ்வொன்றும் கடுகளவே பங்களிக்கின்றன.

நம் பெற்றோர் பால் வெட்டிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 இரக ரப்பர் மரங்களை எண்ணிப் பாருங்கள். ஒட்டுக் கட்டி வளர்த்தவை. வெட்டும் பட்டை யாவும் ஒரே தாய்மரத்தின் வழி வந்தவை. ஆயினும், உரமிட்ட நிலத்து மரமும் வறண்ட மேட்டு மரமும் ஒரே அளவு பால் தருமா? குற்றம் மரபினுடையதா, மண்ணினுடையதா?

அமெரிக்காவில் ஏழு வயது இரட்டையரை ஆராய்ந்த எரிக் துர்க்கைமர் குழுவினர், 2003இல் தம் முடிவை வெளியிட்டனர். ஏழைக் குடும்பங்களில் நுண்ணறிவு வேறுபாட்டின் ஏறக்குறைய 60 விழுக்காடு வீட்டுச் சூழலால் விளைந்தது. மரபின் பங்கு சுழியத்தை ஒட்டியிருந்தது. வசதியுள்ள வீடுகளில் நிலைமை ஏறத்தாழத் தலைகீழ்! எல்லா நாடுகளிலும் இதே அளவு காணப்படவில்லை என்பதும் உண்மையே. எனினும், மண் வறண்டால் விதையின் ஆற்றல் வெளிப்படாது என்பது நமக்குப் புதிதா?

நானும் தோட்டத்துப் பிள்ளையே. மூன்றாம் ஆண்டுவரை எழுத்துக் கூட்டத் தெரியாமல் கடைசி வரிசையில் கிடந்தேன். 'ரப்பர் மண்டை' என்ற பட்டமும் பெற்றேன். எனக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்பதைக் கண்டுபிடித்தவர் வேறோர் ஆசிரியர். மூக்குக்கண்ணாடி வந்தது, படிப்பும் வந்தது. மண்டை அதேதான்!

ஆசிரியர்களே, 'மெதுபயில் மாணவன்' என்று முத்திரை குத்துமுன் கேளுங்கள்: காலையில் உண்டானா? இரும்புச்சத்துக் குறைவா? கண் தெரிகிறதா? யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. நம் மனத்திலுள்ள தரம்பிரிப்பு என்று நீங்கும்?

பெற்றோர்களே, இரத்தத்தைப் பழிக்காதீர்கள். அதைப் பிள்ளையின் காதுபடச் சொல்லவே சொல்லாதீர்கள். இரவில் அரை மணி நேரம் அவனோடு அமர்ந்து ஒரு கதையை வாசியுங்கள்.

மண்ணைப் பண்படுத்துவோம், விதையைப் பிறகு பேசுவோம்.