மைக்கைப் பிடிக்கும் கை ஏன் நடுங்குகிறது?

நம் கூட்டங்களில் இது வழக்கமாகிவிட்டது. வன்கொடுமைக்கு ஆளான குடும்பத்து அம்மா ஒருவரை மேடைக்கு அழைக்கிறோம். "பயப்படாதீங்கம்மா, மனசுல இருக்கறதச் சொல்லுங்க" என்று மைக்கைக் கையில் கொடுக்கிறோம். கை நடுங்குகிறது. இரண்டு வார்த்தை பேசி அழுதுவிடுகிறார். அடுத்து வரும் தோழர், "பாவம், கூச்சப்படறாங்க" என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் பேசுகிறார்.

கூச்சமா அது?

வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் பீங்கான் பொம்மை செய்யும் ஊர், பழமலைநாதர் கோயில் ஊர். நமக்கு அது முருகேசன் - கண்ணகி ஊர். பக்கத்திலிருக்கும் புதுக்கூரைப்பேட்டை. அவர் பொறியியல் படித்த தலித் இளைஞர், அவர் வன்னியர் சாதிப் பெண். 2003 மே 5 அன்று பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8 அன்று இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். ஒளிந்து மறைந்து செய்த கொலை இல்லை. பார்த்தவர்கள் இருந்தார்கள். வாய் திறந்தவர்கள்தான் கொஞ்சம்.

ஏன் என்பதற்கு அந்த வழக்கே பதில். முருகேசனின் குடும்பத்தாரையே குற்றவாளிகளாகச் சேர்த்து வழக்கை ஜோடித்தது உள்ளூர் போலீஸ். பிறகு வழக்கு சிபிஐக்குப் போனது. விசாரணையில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். 2021 செப்டம்பர் 24 அன்று, பதினெட்டு ஆண்டு கழித்து, கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் அன்றைய ஆய்வாளரும் உதவி ஆய்வாளரும் அடக்கம். புகாரை வாங்கவேண்டிய கைகளே அவைதான்! அப்படிப்பட்ட ஊரில் நடுங்காமல் பேசு என்று யாரிடம் சொல்வது?

பேசி முடித்ததும் நாம் பஸ் ஏறிவிடுகிறோம். அவர் ஊர்த்தெரு வழியாகத்தான் காலனிக்குப் போகவேண்டும். மறுநாள் அவர்கள் வயலில்தான் கூலி, அவர்கள் கடையில்தான் கடன். அந்த நடுக்கம் கணக்குப் போட்டு வந்த நடுக்கம். பேச்சுப் பயிற்சி கொடுத்துப் போக்க முடியாது.

படிப்பும் போக்காது. பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் விரட்டப்பட்டதை அண்ணல் அம்பேத்கர் எழுதியது பல ஆண்டு கழித்து. லண்டன் வட்டமேசை மாநாட்டில் முழங்கியவர் அவர். அந்தச் சிறு நூல் அவர் வாழ்நாளில் அச்சாகவில்லை, 1990இல்தான் வந்தது. 1992இல் 'கருக்கு' வந்தபோது பாமாவை அவருடைய சொந்த ஊரே சில காலம் உள்ளே விடவில்லை. நம்மைப் பற்றி ஏன் வெளியே சொன்னாய் என்கிற கோபம். இந்த இரண்டாவது பயத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

அப்படியும் முருகேசனின் வீட்டார் கூண்டேறினார்கள். அன்று கேட்ட வசவுகளை, பட்ட அடிகளை எதிர்த்தரப்பு வக்கீல்கள் முன் திரும்பச் சொன்னார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வரை தண்டனை நின்றதென்றால் அந்தச் சொற்களும் அதற்குக் காரணம். அவர்களுக்கு யாரும் தைரிய வகுப்பு எடுக்கவில்லை. வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் விடாமல் கூட நின்றார்கள்.

கூட நிற்பதற்குச் சட்டமும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள 15-ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, பராமரிப்புச் செலவு ஆகியவற்றை உரிமையாக்குகிறது. தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் உதவியைக் கேட்டுப் பெறும் உரிமையும் உண்டு. நம் தோழர்களில் எத்தனை பேர் இதை எழுத்தில் கேட்டு மனு கொடுத்திருக்கிறார்கள்?

மேடைக்கு முன்னால் அவருடைய தெருவிலேயே நாலு பெண்கள் நடுவில் உட்கார்ந்து பேசட்டும். எதைச் சொல்வது, எதை விடுவது என்று அவர் முடிவு செய்யட்டும். பாதியில் நிறுத்தினால் நிறுத்தட்டும், செல்போன்களை இறக்குங்கள். முடிந்ததும் இரண்டு பேர் வீடு வரை கூடப் போங்கள். அடுத்த வாரமும் போங்கள். கூலி நின்றுபோயிருந்தால் அது அப்போதுதான் தெரியும்.

ஜூலை 8 கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாதிக்கப்பட்டவர் பெயரைப் பேச்சாளர் பட்டியலில் போடும் முன் அவரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால், முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள், போதும்.