வாசிப்பு நிபுணர் பட்டமும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளும்



அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் "வாசிப்பு நிபுணர்" என்பதாக ஒரு உத்தியோகம் உண்டு. வகுப்பில் படிக்க முடியாமல் பின்தங்கி நிற்கும் பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்து, எந்த இடத்தில் தடுக்குகிறதென்று சோதித்துப் பார்த்துச் சொல்லிக் கொடுப்பதும், மற்ற உபாத்தியாயர்களுக்கு அந்த வேலையைப் பழக்கிக் கொடுப்பதும் இவர் கடமை. இதற்குச் சாதாரண உபாத்தியாயர் யோக்கியதை மாத்திரம் போதாது. மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறுபடும். டெக்சஸ் மாகாணத்தில் உபாத்தியாயர் லைசென்சும், அதன்மேல் முதுகலைப் பட்டமும், 2 வருஷம் வகுப்பு நடத்திய அனுபவமும், இதற்கென்று தனிப் பயிற்சியும், கடைசியில் ஒரு பரீட்சையும் வேண்டும்.

இவ்வளவு ஏற்பாடும் இருக்கிற தேசத்தில் 2024ல் நடந்த தேசியப் பரீட்சையில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 100க்கு 40 பேர் வாசிப்பின் அடிப்படை நிலையைக்கூட எட்டவில்லை. ஊர் நிறைய வைத்தியர்கள் இருந்தும் காய்ச்சல் குறையவில்லையென்றால், நோயாளியின் தலைவிதி என்று சொல்லிவிடுவதா, கொடுத்த மருந்தைச் சோதித்துப் பார்ப்பதா? வறுமை முதலிய காரணங்களும் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மருந்திலேயே கோளாறு இருந்தது என்பதுதான் இப்போது வெளிவந்திருக்கும் சங்கதி.

அது எப்படியெனில், 1967ல் கெனத் குட்மன் என்ற பேராசிரியர், வாசிப்பு என்பது ஒருவகை ஊக விளையாட்டு என்று எழுதினார். பிள்ளை ஒவ்வொரு எழுத்தையும் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. படத்தையும் வாக்கியத்தின் போக்கையும் பார்த்து இன்ன வார்த்தையென்று ஊகித்துக் கொள்ளலாம் என்பது அதிலிருந்து வளர்ந்த முறை. "ஹார்ஸ்" என்று அச்சிட்டிருக்கும் இடத்தில், பிள்ளை குதிரைப் படத்தைப் பார்த்து "போனி" என்று படித்தால், அர்த்தம் கெடவில்லை, சரிதான் என்பார்கள். இது கிளி ஜோசியமேயன்றி வாசிப்பாகுமா? படமில்லாத புத்தகம் கைக்கு வரும் நாளில் அந்தப் பிள்ளை எதைப் பார்த்து ஊகிக்கும்?

இதை மறுப்பதற்கு ஆளில்லாமலும் போகவில்லை. குட்மனுக்கு முன்னரே 1955ல் ருடால்ஃப் ஃபிளெஷ் என்பவர், எழுத்தையும் ஓசையையும் சேர்த்துச் சொல்லிக் கொடாததால்தான் பிள்ளைகள் படிக்கவில்லையென்று ஒரு புத்தகமே எழுதினார். 1967லேயே ஜீன் சால் என்ற அம்மையார் அதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் பரிசீலித்து, ஆரம்பத்தில் எழுத்தோசை முறையே நல்ல பலன் தருகிறதென்று காட்டினார். அமெரிக்கக் காங்கிரஸ் உத்தரவின்படி அமைந்த தேசிய வாசிப்புக் குழு 2000ல் வெளியிட்ட அறிக்கை, பேச்சிலுள்ள ஓசைகளைப் பிரித்தறிதல், எழுத்தோசை, தடையின்றிப் படித்தல், சொல்வளம், பொருளறிதல் என ஐந்தையும் கற்பிக்க வேண்டுமென்று தெளிவாக்கியது.

அதற்குப் பிறகாவது பயிற்சிக் கல்லூரிகள் திருந்தினவா? தேசிய ஆசிரியர் தரக் கவுன்சில் என்ற சங்கம் 2023ல், ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர்களைத் தயாரிக்கும் சுமார் 700 பயிற்சித் திட்டங்களைப் பார்த்தது. அந்த ஐந்தையும் போதிய அளவு கற்பித்தவை கால்வாசிதான். பாடத்திட்டக் காகிதத்தைப் பார்த்து மட்டும் மதிப்பிடலாமா என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. காகிதத்திலேயே இல்லாதது வகுப்பில் எங்கிருந்து வரும் என்று நாம் கேட்கிறோம்.

இதில் உபாத்தியாயர்கள்மேல் குற்றம் சொல்லுவது நியாயமல்ல. கடன் வாங்கியும், இராத்திரி கண் விழித்தும் பட்டம் பெற்றவர்கள் அவர்களில் அநேகர். பெரிய பல்கலைக்கழகம் சொன்னது, பேராசிரியர் சொன்னது என்று நம்பினார்கள். ரிஷி சொன்னது, சாஸ்திரம் சொன்னது என்று நம் ஜனங்கள் நம்பியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சொன்னவர் யாரென்று பார்ப்பவர்கள், சொன்னது பலித்ததா என்று பார்ப்பதில்லை.

நஷ்டம் யாருக்கு? பணக்காரன் தன் பிள்ளைக்குத் தனி வாத்தியாரை வைத்துக் கொள்ளுகிறான். ஏழைப் பிள்ளைக்கும் கறுப்பினப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு கதி ஏது? 1740ல் தென் கரோலினாவில், அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பது குற்றமென்று சட்டமே போட்டார்கள். வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன சாஸ்திரம் படைத்த நாட்டாராகிய நமக்கு அதன் அர்த்தம் விளங்கும். அன்று சட்டத்தால் மறுத்த எழுத்தை இன்று தப்பான முறையால் மறுத்தால், பிள்ளைக்குப் பலன் ஒன்றுதானே?

நிற்க, மிசிசிப்பியைப் பாருங்கள். அமெரிக்காவின் மிக ஏழை மாகாணங்களில் ஒன்று. 2013ல் நாலாம் வகுப்பு வாசிப்பில் 49ஆவது இடத்தில் கிடந்தது. அந்த வருஷம் ஒரு சட்டம் செய்து, உபாத்தியாயர்களுக்கு எழுத்தோசை உள்ளிட்ட சரியான பயிற்சி கொடுத்து, பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்பி, ஆரம்பப் பள்ளிக்குப் புதிதாக வருவோர் வாசிப்பு அறிவுக்கென்றே ஒரு பரீட்சையில் தேற வேண்டுமென்றும் பின்னர் விதித்தார்கள். 2024ல் அதே மாகாணம் 9ஆவது இடத்துக்கு வந்தது. மூன்றாம் வகுப்பில் படிக்கத் தெரியாதவர்களை நிறுத்தி வைப்பதால்தான் எண் உயர்ந்தது என்று வாதிப்போரும் உண்டு. அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தே தீர்மானிக்கட்டும். வாதம் கணக்கின்மேல் நடப்பதே நமக்குத் திருப்தி.

இதை எழுதும் நான் காலேஜ் வாசலை மிதித்தவனல்ல. கடையில் பொட்டலம் கட்டிய காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தே வளர்ந்தவன். அதனால் பட்டமே வேண்டாமென்று சொல்லுவேனென்று எண்ண வேண்டாம். தமிழில் எழுத்தைக் கூட்டினால் பெரும்பாலும் வார்த்தை வந்துவிடும். ஆங்கிலத்தில் 26 எழுத்தைக்கொண்டு சுமார் 44 ஓசைகளைச் சமாளிக்க வேண்டும். அதைக் கற்பிக்கவும், தடுக்கும் பிள்ளைக்கு எங்கே தடுக்கிறதென்று கண்டுபிடிக்கவும் தேர்ந்த கல்வி அவசியம் வேண்டும். நான் கேட்பதெல்லாம், நிபுணர் பட்டம் கொடுப்பவர்கள், நாங்கள் தயாரித்த நிபுணரிடம் படித்த பிள்ளைகள் இத்தனை பேர், படிக்கத் தெரிந்து வெளிவந்தவர்கள் இத்தனை பேர் என்று பகிரங்கமாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதே. கணக்குக் காட்டாத பட்டத்துக்கும் பூணூலுக்கும் பேதமில்லை. இரண்டும் போட்டுக் கொண்டவனுக்கு மரியாதை தேடித் தருமேயல்லாமல், எதிரே நிற்கும் பிள்ளைக்கு ஓர் எழுத்தும் தராது.