விளக்கும் கொள்ளியும்

"அலைபேசியைத் தடவித் திரியும் விடலைகளுக்கு அரசியல் ஏது?" என்று ஏளனம் பேசுவோர் உளர், தம்பி! அவர்தம் பார்வையைத் தென்கொரியாவின் பக்கம் சற்றே திருப்பிடுவோம்.

1980 மே திங்கள். தளபதி சுன் டூ-ஹ்வான் பிடியில் நாடு. குவாங்ஜு நகரத்து மாணவர் ஜனநாயகம் கேட்டனர். குண்டுகள் விடை கூறின! தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டது. ஏடுகளின் வாய் பூட்டப்பட்டது. நகரம் குருதியில் நனைந்தது. நாடோ உண்மை அறியாதிருந்தது. அந்த இருட்டே கொடுங்கோலனுக்கு அரண்!

2024 டிசம்பர் 3. இரவு பத்தரை மணியளவில் அதிபர் யூன் சுக்-யோல் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். துருப்புகள் நாடாளுமன்றத்துள் நுழைந்தன. செய்தியை அடைக்க முடிந்ததா? கைக்குக் கை பறந்தது! எதிர்க்கட்சித் தலைவர் லீ ஜே-மியுங் மன்றத்து மதிலேறிக் குதித்ததை நேரலையில் நாடே கண்டது. மக்கள் வாயிலில் திரண்டனர். உள்ளே 190 உறுப்பினர் கூடினர். 190 பேரும் சட்டத்தை விலக்குக என்றனர். பொழுது புலருமுன் அது மாண்டது!

பின்னர் வீதியை நிறைத்தவர் யார்? இசை நிகழ்ச்சிக்கு எடுத்துச் செல்லும் ஒளிக்கோல்களை ஏந்திய இளம்பெண்கள்! கல்லெடுத்தாரில்லை, பாட்டெடுத்தனர். டிசம்பர் 14-இல் 204 வாக்குகளால் பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேறிற்று. 2025 ஏப்ரல் 4-இல் அரசமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக யூனை நீக்கினர். ஜூன் 3-இல் வாக்குப்பெட்டி முடிவுரை எழுதிற்று.

ஆயின், கருவியே விடுதலை தரும் என்று மயங்காதே! அதே கருவி வழியே வதந்தியும் வந்தது. 2025 ஜனவரி 19-இல், யூனைக் காவலில் வைக்க ஆணையிட்ட சியோல் மேற்கு மாவட்ட நீதிமன்றத்துள் அவருடைய ஆதரவுக் கும்பல் புகுந்து சூறையாடிற்று. இளைஞரும் அதிலிருந்தனர்! ஒரே தலைமுறை, ஒரே கருவி. ஒரு சாரார் கையில் விளக்கு, மறு சாரார் கையில் கொள்ளி! முன்னவர் மக்கள் மன்றத்தைக் காக்க வந்தனர். பின்னவர் நீதி மன்றத்தை நொறுக்க வந்தனர்.

இளைஞரை எள்ளி நகையாடும் பெரியீர்! நீர் விரட்டும் பிள்ளை எங்கே போவான்? வதந்தி வணிகனின் வாசலுக்கன்றோ!

ஆகவே, தம்பி, "அலைபேசியைக் கீழே வை" என்று அவனிடம் கூறாதே. அருகில் அமர். குவாங்ஜுவின் கதை சொல். வந்த செய்தி மெய்தானா என்று வினவப் பழக்கு. வாக்காளர் பட்டியலில் அவன் பெயர் உளதா என்று பார். கையிலிருப்பது விளக்காவதும் கொள்ளியாவதும் அவனுக்கு வாய்க்கும் தோழமையைப் பொறுத்தது. அத்தோழமை நீயாக இரு!