ஒரு நொடித் தீர்ப்பு

தேசிய மாணவர் படையின் ஆண்டு முகாமில்தான் நான் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொட்டேன். 25 மீட்டர் தொலைவில் அட்டை இலக்கு. குண்டுகள் குறி தவறாமல் பாய்ந்தன. ஹவில்தார் முதுகில் தட்டிக் கொடுத்தார். நெஞ்சு நிமிர்ந்தேன்.

அன்றிரவு எனக்குக் காவல் முறை. கையில் வெறும் தடி. கூடாரத்தின் பின்னே ஓர் உருவம் அசைந்தது. அதன் கையில் ஏதோ மின்னியது. தடியை ஓங்கிவிட்டேன். "டேய், நான்டா!" என்றது குரல். தண்ணீர் குடிக்க எழுந்த வகுப்புத் தோழன்! மின்னியது அலுமினியக் குவளை! என் கையில் துப்பாக்கி இருந்திருந்தால்? நினைத்தால் இன்றும் உள்ளம் நடுங்குகிறது. பகலில் பெற்ற பாராட்டு இரவில் எனக்குத் துணை வரவில்லை. குறி பார்க்கக் கற்றேன். ஆள் பார்க்கக் கற்றேனில்லை.

1999 பிப்ரவரி 4. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதி. தம் வீட்டு வாசலில் நின்றார் அமாடு டியால்லோ என்ற 23 வயது இளைஞர். சாதாரண உடையில் வந்த காவலர் நால்வர் அவர் கையில் இருந்ததைத் துப்பாக்கி என்று எண்ணினர். 41 குண்டுகள் சுட்டனர். 19 அவர் உடலில் பாய்ந்தன. கையில் இருந்ததோ பணப்பை! 2000ஆம் ஆண்டில் நால்வரும் விடுதலை செய்யப்பட்டனர்.

"உயிருக்கு அஞ்சி நொடிப்பொழுதில் எடுத்த முடிவை நாற்காலியில் அமர்ந்து குறை கூறலாமா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். காவலரின் செயலை அந்த இடத்தில் நின்றவரின் கண்கொண்டே அளக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1989இல் கிரகாம் வழக்கில் கூறியது. ஆயினும் நான் கேட்கிறேன்: அந்த நொடி வானத்திலிருந்தா விழுகிறது? சுவரோரம் மறைந்து நின்றால், பத்தடி விலகி நின்றால், உரக்க ஒரு குரல் கொடுத்தால், ஒரு நொடி மூன்று நொடியாகும். மூன்று நொடியில் குவளை குவளையாகத் தெரியும்.

மனமும் கண்ணை ஏமாற்றும். உளவியலாளர் ஜோசுவா கோரெல் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் தோன்றிய ஆயுதமற்றவர் கறுப்பராயின், "சுடாதே" என்று முடிவெடுக்கக் கூடுதல் நேரம் பிடித்தது. கையைப் பார்க்குமுன் நிறத்தைப் பார்த்துவிட்டது மனம்!

ஆகவே, திரைப்படக் காட்சிகளைக் காட்டிச் சுடவும் சுடாதிருக்கவும் பழக்கும் பயிற்சியே உண்மையான பயிற்சி என்பது என் துணிபு. சுடாமல் நின்றவனுக்கும் அங்கே மதிப்பெண் உண்டு. நம் நாட்டுச் சட்டமும், இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில், தற்காப்பு உரிமையைத் தந்து, தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாதென எல்லையும் வகுத்திருக்கிறது.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் காக்கி உடுத்துவோம். குறி தவறாத கை நமக்கு வேண்டும். அதற்கு முன், தோழனின் குவளையை அடையாளம் காணும் கண் வேண்டும்.