சேதி சொன்னவர்களின் சாவுச் சேதி

பழைய செய்தித்தாள்களில் 'காலமானார்' பத்தியைத் தேடி எடுத்து வம்ச வரலாறு எழுதுவது இப்போது ஒரு நல்ல பொழுதுபோக்காகியிருக்கிறது. கொள்ளுத்தாத்தாவின் இரங்கல் குறிப்பு கிடைத்துவிட்டால் போதும். அதில் ஊர் இருக்கும், தகப்பனார் பெயர் இருக்கும், வகித்த பதவி இருக்கும், சம்பந்தி வீட்டார் பெயர்கூட இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்கு ஒரு பயணம். இடிந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு படம், பக்கத்துக் கோயில் கல்வெட்டுக்கு ஒரு படம், மதியம் வாழையிலைச் சாப்பாடு. சாயங்காலம் முகநூலில் 'என் வேர்களைக் கண்டடைந்தேன்' என்று ஒரு பதிவு.

போகட்டும், நல்லதுதான். எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தக் கொள்ளுத்தாத்தா செத்த அன்றைக்கு, பத்திரிகைக்குத் தந்தி போவதற்கு முன்னால், பதினைந்து இருபது மைல் நடந்துபோய் உறவுக்காரர் வீடுகளில் அந்தச் சேதியைச் சொன்னவர் யார்?

தோழர்களே, உங்களில் பலருக்கு விடை வீட்டிலேயே இருக்கிறது. ஊர்க்காரர் வீட்டுச் சாவுக்குச் சேரியிலிருந்துதான் ஆள் போக வேண்டும். இழவு சொல்வது என்பார்கள், கேதம் சொல்வது என்பார்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் மாறும், போகிற ஆளின் சாதி மாறாது. நடுராத்திரி, அடைமழை எதுவும் கணக்கில்லை. போன வீட்டில் வாசலுக்கு வெளியே நின்று சொல்ல வேண்டும். கிடைப்பது கொஞ்சம் தானியம், கொஞ்சம் சில்லறை, சில இடங்களில் ஒரு வேளைக் கஞ்சி. திரும்பி வந்த கையோடு பறை அடிக்க வேண்டும், குழி வெட்ட வேண்டும். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், நம்மவர்களைப் பிணம் தூக்க வைப்பதையும் குழி வெட்ட வைப்பதையும் தனிக் குற்றங்களாகவே எழுதிவைத்திருக்கிறது. நடக்காத ஒன்றுக்கு யாரும் சட்டம் போடுவதில்லை.

முதுகலையில் உறவுமுறை பற்றி ஒரு முழுத்தாள் படித்தேன். பங்காளி யார், சம்பந்தி யார், கொண்டான் கொடுத்தான் உறவு எப்படி ஓடுகிறது என்று வரைபடம் போடச் சொல்வார்கள். இழவு சொல்லப் போன மனிதர் அந்த வரைபடத்தில் எங்கேயும் இல்லை. யோசித்துப் பாருங்கள், அந்த மொத்த வரைபடமும் அவர் தலைக்குள்தான் இருந்தது. எந்தப் பெண்ணை எந்த ஊரில் கொடுத்திருக்கிறார்கள், எந்தப் பங்காளியோடு பேச்சுவார்த்தை கிடையாது, தாய்மாமன் வீட்டுக்கு முதலில் சொல்ல வேண்டுமா சம்பந்தி வீட்டுக்கா என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு தலைமுறைக்காலம் ஊரின் வம்சாவளியைக் காலால் நடந்தே எழுதியவர் அவர். அவருடைய அப்பா பெயர் எந்தப் பத்திரிகையிலும் அச்சாகவில்லை.

இதைச் சொன்னால், 'நம்மகிட்ட எழுத்து இல்ல அக்கா, அதனால வரலாறும் இல்ல' என்று கல்லூரிப் பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. நம்மைப் பற்றிய எழுத்து உண்டு. அதை எழுதியவர்கள் வேறு காரணத்துக்காக எழுதினார்கள், அவ்வளவுதான்.

நேட்டாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறக்கப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம். வட ஆற்காடு, செங்கல்பட்டு என்று பக்கம் பக்கமாக நம் ஊர்கள் வரும். சாதிக் கட்டத்தில் நம் பெயர் வரும். கூலியாள் ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிவைத்த ஏடு அது. இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகள் அதே ஏட்டைப் பார்த்து ஊரைத் தேடி வருகிறார்கள். கப்பலேறியவரின் பெயர் காகிதத்தில் நிற்க, அவரைக் கரையில் நின்று வழியனுப்பிய தம்பியின் பெயர் எங்கேயும் இல்லை. அந்தத் தம்பியின் வழியில் வந்தவர்கள் நாம்.

அயலகத் தமிழ் இளைஞர்களைத் தமிழ்நாட்டுக்கு அழைத்துவந்து சுற்றிக் காட்ட அரசே 'வேர்களைத் தேடி' என்று ஒரு திட்டம் நடத்துகிறது. நல்ல திட்டம். ஆனால் கோயில் கோபுரத்தையும் சிற்பத்தையும் காட்டி, இதுதான் உன் வேர் என்று கூலியின் பேத்தியிடம் சொன்னால் அது பாதிப் பொய். அவளுடைய முப்பாட்டியை அந்தக் கோபுர வாசலுக்குள் விட்டிருக்க மாட்டார்கள். கப்பல் ஏட்டில் எழுதியிருக்கும் கிராமத்தின் சேரிப் பக்கம் அந்தப் பேருந்து ஒரு முறையாவது திரும்பட்டும்.

சரி, கப்பலேறாதவர்களை எங்கே தேடுவது? அவர்களுடைய இரங்கல் குறிப்பிலேயே தேடலாம் என்பது என் கட்சி. 'இன்ன கிராமத்து மிராசுதார், இன்னாரின் மூத்த குமாரர் காலமானார்' என்று பழைய தாளில் வருகிறதா? மிராசு என்பது நிலத்தின் மேல், ஊர்ப் பொதுவின் மேல், பல இடங்களில் சேரி நின்ற மண்ணின் மேலும்கூட அந்தக் குடும்பங்கள் வைத்திருந்த உரிமை. ஆகவே அந்த ஒரு வரிக்குள் படியாளும் பண்ணையாளுமாக நம் பாட்டன்களும் இருக்கிறார்கள், பெயரில்லாமல். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் எழுதிய அறிக்கையை அந்த இரங்கல் குறிப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். குடியிருக்கும் மனைக்கும் உரிமையற்று, கடனுக்கு உழைப்பை அடகு வைத்து நின்ற நம் மக்களின் நிலையை அவர் விவரமாக எழுதியிருக்கிறார். அதன் பிறகுதான் 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் நம்மவர்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் இப்போது யார் பட்டாவில் இருக்கின்றன என்று உங்கள் ஊர் அ-பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். காரணையில் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து படம் எடுக்கிறவருக்குக் குடும்ப வரலாறு ஒரு நினைவு. நமக்கு அது சர்வே எண்ணோடு வருகிறது. அதனால்தான் நாம் தேட ஆரம்பித்தால் பதிவேட்டறையின் சாவி காணாமல் போய்விடுகிறது.

'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். ஒன்றை மட்டும் செய்துகொள்ளுங்கள்: பெயர் மாறுவதற்கு முன்னால் உங்கள் தெருவின் பழைய பெயரை, அதற்கும் முந்தைய பெயரை, எந்த ஆண்டு எந்த இடத்திலிருந்து இங்கே குடிவந்தோம் என்பதை எழுதிவையுங்கள். நாளைக்குப் பழைய ஆவணத்தில் தேடுகிறவர் அந்தப் பெயரில்தான் தேட வேண்டும்.

இப்போது நம்முடைய சாவு அறிவிப்புகளுக்கு வருகிறேன். செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்க நம்மிடம் பணம் இருந்ததில்லை. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு நமக்கும் 'கண்ணீர் அஞ்சலி' வந்தது. வேலை நிமித்தம் நான் போகும் சேரிகளில் இதை நின்று படிப்பது வழக்கம். எழுபது, எழுபத்தைந்து வயதுப் பாட்டி ஒருவருக்கு வைத்த பேனர் எப்படி இருக்கும்? ஆதார் அட்டையிலிருந்து வெட்டியெடுத்த மங்கலான படம், பின்னால் மேகமும் புறாவும் ஒட்டியிருப்பார்கள். மேலே அம்பேத்கர். கீழே 'அமரர் இன்னாரின் மனைவி'. அதற்குக் கீழே மகன்கள், மருமகன்கள், பேரன்கள். கட்சிப் பொறுப்பு, படித்த படிப்பு, பார்க்கும் வேலை. கடைசியில் 'நண்பர்கள்' என்று பதினைந்து இளவட்டங்களின் படம், கறுப்புக் கண்ணாடியோடு.

அந்தப் பாட்டி நாற்பது வருஷம் நாற்று நட்டவர். பிள்ளைப்பேறு பார்த்தவர். கூலி உயர்வு கேட்டு வயலில் இறங்க மாட்டோம் என்று பெண்களை வரப்பிலேயே உட்கார வைத்தவராகவும் இருக்கலாம். பிறந்த ஊர் எது, அம்மா பெயர் என்ன என்பதும் தெரியாது. பேனரில் இருப்பதெல்லாம் ஆண்களின் முகவரி. ஆதிக்கச் சாதிக்காரர்களின் இரங்கல் குறிப்பு நம்மை விட்டது போலவே நம்முடைய பேனர் நம் பெண்களை விடுகிறது. இதற்கு எந்த மிராசுதாரையும் குற்றம் சொல்ல முடியாது.

அவர் பிணத்தருகே உட்கார்ந்து பெண்கள் வைக்கும் ஒப்பாரியைக் கேட்டிருக்கிறீர்களா? நல்ல ஒப்பாரிக்காரி ஒருத்தி பிறந்த வீட்டில் தொடங்கி வாழவந்த வீடு, பட்ட கடன், பறிகொடுத்த பிள்ளை, உழைத்த காடுகழனி வரை பேர் சொல்லிக்கொண்டே போவாள். நம் சமூகத்தின் உண்மையான இரங்கல் குறிப்பு அதுதான். நாம் அதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. அந்த நேரத்தில் பந்தலில் டிஜே பேசிக்கொண்டிருப்போம். துக்க வீட்டில் போனை நீட்டாதீர்கள். காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் போய் உட்காருங்கள், அனுமதி கேளுங்கள், பதிவு செய்யுங்கள். கிறித்தவக் குடும்பமென்றால் பங்குக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் இருக்கும். 1876–78 பஞ்சத்தை ஒட்டிக் கூட்டம் கூட்டமாக மதம் மாறிய ஊர்களில், நாலு தலைமுறைப் பெயரும் அங்கே மட்டும்தான் மிஞ்சியிருக்கக்கூடும்.

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள், வேறு ஊர்களுக்குப் போங்கள். ஆடியில் குலசாமி கும்பிட எந்த ஊருக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிறீர்களோ, அந்த ஊரைவிட்டு ஏன் கிளம்பினோம் என்று கிழவர்களைக் கேளுங்கள். பஞ்சமா, அடிதடியா, ஒரு பெண் விவகாரமா, ஏதோ ஒன்று வெளியே வரும். கீழ்வெண்மணிக்குப் போங்கள். 1968 டிசம்பர் 25 இரவு குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேரின் பெயர்களும் அங்கே கல்லில் இருக்கின்றன. பெயர்களைச் சத்தமாகப் படித்துவிட்டு, பக்கத்து வீட்டு ஆத்தாவிடம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுங்கள். நினைவு நாளில் கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு திரும்பினால் பேச நேரம் கிடைக்காது. பங்காரப்பேட்டையில் ரயில் மாறி மாரிக்குப்பத்தில் இறங்கினால் கோலார் தங்க வயல். வட ஆற்காட்டிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் போன நம் மக்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்த இடம். அயோத்திதாசரின் 'தமிழன்' ஏட்டைப் படித்து, பௌத்த சங்கம் நடத்திய தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். கல்லறைகள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் யாராவது 'கோலாருக்குப் போன பெரியப்பா' இருந்தால் அவரைத் தேட வேண்டிய இடம் அது.

இங்கே ஒரு சண்டையையும் போட்டுவிடுகிறேன். நம் பையன்களில் சிலர் வேர் தேடக் கிளம்பி இரண்டே வாரத்தில் ஒரு ராஜாவோடு திரும்பி வருகிறார்கள். 'நாமளும் ஆண்ட பரம்பரைதான் அக்கா.' எங்கே ஆதாரம் என்றால் யூடியூப். தம்பி, ராஜா கிடைத்தால் உன் பாட்டி என்ன ஆவாள்? கிரீடம் வைத்த ஒருவரைக் கண்டுபிடித்த உடனே குழி வெட்டிய தாத்தாவை மறைக்கத் தோன்றும். ஆளாத பரம்பரையில் பிறந்ததற்கு வெட்கப்பட வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். ராஜா தேடவில்லை.

தேடல் சுடுகாட்டில் போய் முடியும்போது அங்கேயும் அமைதி இருக்காது. 2016 ஜனவரியில் திருநாள்கொண்டச்சேரியில், பொதுப் பாதையில் எடுத்துச் செல்லலாம் என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும், ஒரு முதியவரின் உடலைப் போலீசாரே வேறு வழியில் தூக்கிக்கொண்டு போனார்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், பாதை மறிக்கப்பட்டதால் பாலாற்றுப் பாலத்திலிருந்து ஓர் உடலைக் கயிறு கட்டி இறக்கினார்கள். முன்னோர் எங்கே புதைந்திருக்கிறார்கள் என்று வரைபடத்தில் குறிக்கும்போது, அங்கே போகும் பாதை எது, அது யார் நிலத்தின் வழியாகப் போகிறது, எந்த ஆண்டு முதல் தகராறு என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். அடுத்த சாவுக்கு வட்டாட்சியரிடம் நீட்ட அந்தத் தாள் உதவும்.

அடுத்த சாவு என்றதும் நினைவுக்கு வருகிறது. சேரியில் யார் செத்தாலும் பேனர் கடைக்கு அனுப்பப்படுவது படித்த பிள்ளைதான், அதாவது நீங்கள்தான். கடைக்காரர் பழைய பேனரைத் திறந்து வைத்துக்கொண்டு, பேரும் படமும் மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்பார். பிறந்த ஊர், அம்மா பெயர், செய்த வேலை என்று மூன்று வரி சேர்க்கச் சொல்லுங்கள். நண்பர்கள் படத்தில் ஐந்தைக் குறைத்தால் இடம் கிடைக்கும்.